கவிழ்த்து வைத்த எட்டுக் கதிரைகள்

நம் வயதுக்காரர்களில் எத்தனை பேர், தாம் இருந்து சாப்பிடும் கதிரையை ஒருநாளாவது கவிழ்த்துப் பார்த்திருப்பீர்கள்? இனிப் பார்க்கச் சொன்னாலும் நமக்கு ஏலாது; குனிந்தால் நிமிர்த்திவிட இன்னொருவர் வேண்டும். பேரப்பிள்ளைகளைக் கொண்டாவது ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். கதிரையின் வயது அதன் முகத்தில் இருப்பதில்லை, அடியில் இருக்கிறது.

சென்ற மாதம் உப்புவெளிக்குப் போகும் வழியில், பழைய மரச்சாமான் விற்கும் கடை ஒன்றுக்குள் வெயிலுக்கு ஒதுங்கினேன். அங்கே ஒரு சாப்பாட்டுக் கதிரை தனியாக நின்றது. பிரம்பு இருக்கை, நேரான முதுகு, முன்கால்கள் இரண்டும் கீழ்நோக்கி ஒடுங்கியவை. முதுகில் ஓர் அட்டை தொங்கியது: ஒல்லாந்தர் காலத்துக் கோயில் கதிரை. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு கடைக்காரப் பெடியன் வந்தான்.

"அன்ரி, சும்மா கதிரை இல்லை இது. அடியில சூலம் கிடக்கு. பாருங்கோ" என்று எனக்காகக் கவிழ்த்துக் காட்டினான்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பின்சட்டத்தின் அடியில், மரத்தில் அழுத்திப் பதித்த மூன்று கோடுகள். மூன்றும் ஒரு முனையில் கூடி, மறுமுனையில் விரிந்திருந்தன. அந்தக் கோடுகளின் பள்ளத்துக்குள், பொலிஷுக்குக் கீழே, மஞ்சளாக ஏதோ உறைந்து கிடந்தது.

"அது ஊத்தை அன்ரி. திரும்பப் பொலிஷ் போடேக்க சுரண்டி எடுத்திடுவம்."

"எடுக்காதேங்கோ தம்பி" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அது ஒல்லாந்தர் காலத்தது அல்ல என்றும் சொல்லவில்லை. சட்டத்தின் உட்பக்கத்தில் வாள் ஓடிய தடம் வளைவு வளைவாக இருந்தது. கையால் அறுத்த மரத்தில் தடம் நேராக விழும். வட்டவாள் யந்திரத்தில் அறுத்தால்தான் வளையும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் சித்தி. அந்த மஞ்சள் என்னவென்பதும் எனக்குத் தெரியும். அது சந்தனம். அதை அந்தப் பள்ளத்தில் அப்பியவர் என் அப்பா.

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனது ஐம்பத்தேழாம் ஆண்டு. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் எட்டுக் கதிரைகளும் எங்கள் வீட்டுக்கு வந்தது எந்த ஆண்டு என்பதில் எனக்கும் தம்பிக்கும் இன்றைக்கும் வழக்கு. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன் என்பது என் சான்று. தான் அப்போது பள்ளிக்கூடமே போகவில்லை என்பது அவன் சான்று. இரண்டையும் வைத்துப் பார்த்தால் அறுபதுக்குக் கிட்ட வருகிறது. அதற்குமேல் தீர்க்க என்னிடம் ஆதாரம் இல்லாதபடியால் ஆண்டை வெறுமையாகவே விடுகிறேன். காலம் மட்டும் நிச்சயம். ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. முற்றத்தில் காயப்போட்ட எதுவும் போட்ட இடத்தில் கிடக்கவில்லை.

எங்கள் வீடு துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்தது. அப்பா துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். அம்மா, நான், தம்பி, பின்னறையில் சித்தி. சித்தி அம்மாவின் தங்கை. கட்டைபறிச்சானில் கலியாணம் கட்டிப் போனவர். இரண்டாம் வருடமே சித்தப்பா காய்ச்சலில் போய்விட, ஒரு தகரப் பெட்டியோடு எங்களிடம் திரும்பி வந்தார். கன்னியர் மடத்தில் படித்த காலத்தில் தையலோடு பிரம்பு பின்னவும் பழகியிருந்தார். முதலில் எங்கள் வீட்டுச் சாய்மனைக் கதிரையைப் பின்னினார். பிறகு அடுத்த வீட்டாருடையதை. பிறகு பிறக்கிராசியாருடையதை. பிறக்கிராசி என்றால் அந்தக் காலத்துச் சட்டத்தரணி. இந்தத் தலைமுறைக்கு அந்தச் சொல்லே தெரியாது.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் கொடுமைக்காரர் அல்லர். இளவயதில் தாலியிழந்த பெண் பிறத்தியாருடைய கதிரைகளைத் திருத்திச் சீவிப்பதா என்று அவருக்கு மனம் கூசியது. கொழும்பில் இருந்த அவருடைய ஒன்றுவிட்ட அண்ணர் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. சித்தியை அங்கே அனுப்புவதென்று தீர்மானித்துவிட்டார். அந்தக் கொழும்புப் பெரியப்பா ஆவணி மாதம் வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அது அவளுக்கு ஓர் ஒதுக்கிடம் என்று அம்மாவிடம் சொல்வார். அவர் அப்படித்தான் நம்பினார். அந்த வீட்டில் சித்தி சம்பளமில்லாத வேலைக்காரியாகத்தான் இருப்பார் என்பது, பத்து வயதில் எனக்கே தெரிந்தது. வாசிக்கிற மனிதரான அப்பாவுக்குத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் பிறக்கிராசியார் எட்டுக் கதிரைகளை வண்டியில் ஏற்றி அனுப்பினார். தளத்தில் கழித்துவிட்ட சாமான்களை, நாங்கள் நானா என்று கூப்பிடும் கிண்ணியா முஸ்லிம் வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுத்திருந்தார். அவரிடம் வாங்கிய கதிரைகள் அவை. ஆவணியில் பிறக்கிராசியாரின் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டாரை மேசையில் இருத்திச் சாப்பாடு போட வேண்டும்.

சித்தி அப்பாவிடம் ஒரேயொரு தடவைதான் கேட்டார். அப்பா கை கழுவிக்கொண்டிருந்தபோது, துவாயை நீட்டியபடி.

"அத்தான், இந்த எட்டையும் நல்லாச் செய்து குடுத்தா, வழக்குக் கோட்டில கிடக்கிற கதிரை எல்லாத்தையும் எனக்கே தாறதெண்டு பிறக்கிராசியார் சொல்லியிருக்கிறார். அப்பிடி வந்தா நான் கொழும்புக்குப் போகத் தேவையில்லைத்தானே?"

அப்பா துவாயை வாங்கினார். "முதல்ல முடி. பிறகு பாப்பம்."

அந்தப் 'பாப்பம்' என்ற சொல்லில்தான் சித்தியின் ஆவணி தொங்கிக்கொண்டிருந்தது.

கதிரைகளைப் பார்த்து அம்மா சிரித்தார். கடற்படைக்காரர் கப்பலுக்குப் பூசும் சாம்பல் பெயின்டை அவற்றுக்கும் பூசியிருந்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பல பூச்சுகள். இருக்கைக்குப் பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. சித்தி சிரிக்கவில்லை. ஒரு கதிரையை மடியில் கிடத்தி, உடைந்த போத்தல் துண்டால் காலில் ஓர் இடத்தைச் சுரண்டினார். விரலை எச்சிலில் தொட்டு அங்கே தேய்த்து மணந்து பார்த்தார்.

"தேக்கு" என்றார். அந்த விரலை என் மூக்கடியிலும் பிடித்தார். பழைய தோல் சப்பாத்தின் மணம்போல் இருந்தது.

பிறகு பலகையை நெம்பி எடுத்தார். அடியில் சட்டத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், பெயின்ட் அடைத்துக் கிடந்தன. "பாத்தியா, இது பிரம்பு பின்னின கதிரை. பின்னத் தெரியாத ஆரோ பலகை அடிச்சிருக்கினம்." ஒவ்வொரு மூட்டிலும் உளியால் வெட்டிய அடையாளக் கோடுகளைக் காட்டினார். ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. எந்தக் கால் எந்தக் கதிரைக்கு உரியது என்று செய்தவன் வைத்த குறி அது. இடையில் யாரோ திருத்தும்போது மாற்றிப் பூட்டியிருந்தார்கள். மூன்றாம் கதிரையின் கால் ஐந்தாம் கதிரையில் நின்றது. எட்டும் ஆடியதற்குக் காரணம் அதுதான். முன்பக்கத்துக் குறுக்குக் கம்பு எல்லாவற்றிலும் நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. அங்கே சப்பாத்துக் காலை வைத்து இருந்திருக்கிறார்கள். நம்முடைய வெறுங்கால் அப்படித் தேய்க்காது.

"சித்தி, இதுக்கு எத்தினை வயசு?"

"எனக்கு மூத்தது. அதுக்கு மேல சொல்லத் தெரியாது."

கோஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரை ஈர்க்குத் தும்பால் பூசி, பெயின்ட் கொப்புளித்து எழும்பியதும் சுரண்டி, வாளி வாளியாகக் கழுவி, முதலாவது கதிரையை வெயிலில் வைத்தார். காய்ந்த மரம் தேன் நிறமாய் இருந்தது. நான் ஓடிப்போய் வெறும் சட்டத்தின்மேல் ஏறி இருந்து, சப்பாத்து தேய்த்த பள்ளத்தில் என் காலை வைத்தேன். அந்தக் கதிரையில் நம் ஆட்களில் முதலில் இருந்தவள் நான்தான்.

அடுத்த நாள் காலையில் என் இடது கன்னம் வீங்கியிருந்தது. கூகைக்கட்டு.

பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்புக்குக் கூகைக்கட்டு வந்திருந்தது. ஆனால் அதை யாரும் நினைக்கவில்லை. ஏனென்றால், எனக்கு வேப்பிலை கொண்டுவந்த அடுத்த வீட்டு மாமி, முற்றத்தில் கால் மேலே தூக்கிக் கிடந்த கதிரையைக் கண்டுவிட்டார்.

"ஐயோ பிள்ளை, இதில சூலம் எல்லோ கிடக்கு!"

பெயின்ட் போனதும் பின்சட்டத்தின் அடியில் வெளிப்பட்ட மூன்று கோடுகளும், கதிரையைக் கவிழ்த்து அந்தப் பக்கமிருந்து பார்த்தால், மேல்நோக்கி விரிந்த சூலமாகவே தெரிந்தன. சித்தி மற்றக் கதிரைகளின் பின்சட்டத்தையும் சுரண்டிப் பார்த்தார். எட்டிலும் இருந்தது.

"இதுக்கு மேலயோ இந்தப் பிள்ளை குந்தினது?" என்றார் மாமி, என் கன்னத்தைப் பார்த்து.

அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

அப்பா கந்தோரால் வந்து, சட்டைகூடக் கழற்றாமல் எட்டையும் பார்த்தார். கேற்றடியில் தெருச்சனம் கூடி நின்றது. அவர் எழும்பிச் சொன்னதை நான் யன்னலால் கேட்டேன்.

"போத்துக்கீசன் கோணேசர் கோயிலை உடைச்சவன். உடைச்ச கல்லில கோட்டை கட்டினவன். இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கல்லுக்கு என்ன நடந்ததெண்டு எல்லாரும் எழுதியிருக்கினம். மரத்துக்கு என்ன நடந்ததெண்டு ஆராவது கேட்டனீங்களோ? கோயில்ல தேர் இருந்திருக்கும், கதவு இருந்திருக்கும். அதெல்லாம் எங்க?"

கேற்றடியில் நின்றவர்கள் முற்றத்துக்குள் வந்தார்கள்.

"இந்தா கிடக்கு" என்றார் அப்பா, கதிரைகளைக் காட்டி. "கோட்டைக்குள்ள கிடந்த மரம். பிறகு வந்தவன் கதிரையாக்கினான். சூலம் மட்டும் அழியேல்லை."

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு நேர்த்தியான வாதம்! நம் ஊரில் பிறந்த ஒருவருக்குத்தான் இது வரும். அது உண்மையாக இருக்கவேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில், நாங்கள் இழந்த கோயில்!

இனி உளி படக்கூடாது, ஒருவரும் மேலே இருக்கக்கூடாது என்று தீர்ந்தது. சூலம் நிலத்தைப் பார்ப்பது சரியில்லை என்பதால் எட்டையும் விறாந்தையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்கள். அப்பா குளித்துவிட்டு வந்து ஒவ்வொரு சூலத்திலும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, செவ்வரத்தம் பூ வைத்தார். மாமி விளக்குக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை தெருவே வந்தது. மூட்டுக்கு மூட்டுத் தள்ளாடும் முப்பத்திரண்டு கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்க, அவற்றின் நடுவில் கற்பூரம் எரிந்தது. கோட்டைப் பக்கத்திலிருந்து வழி தவறி வந்த மான் ஒன்று, ஒருநாள் மத்தியானம் படியேறிப் பூவையெல்லாம் தின்றுவிட்டுப் போயிற்று. அதையும் நல்ல சகுனம் என்றார்கள்.

சித்தியும் கும்பிட்டார். அவர் பகிடிக்குக் கும்பிடவில்லை. சூலம் என்றே அவரும் நம்பினார். கும்பிட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய், வாங்கி வைத்திருந்த பிரம்புக் கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறக்கிராசியார் நேரில் வந்தார். விறாந்தையில் நின்று தலையைச் சொறிந்தார். "கிளாக்கர், எனக்குச் சட்டம் தெரியும், சூலம் தெரியாது. கலியாணத்துக்குக் கதிரை வேணும். வராதெண்டா இப்பவே சொல்லுங்கோ, நான் கொழும்புக்குச் சொல்லி எடுக்கிறன்."

"இதைக் கோயிலுக்குக் குடுக்கிறதுதான் முறை" என்றார் அப்பா.

எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் ஐயர் அதை ஏற்கவில்லை. "கோயில்ல கதிரையை வைச்சு நான் என்ன செய்யிறது? பிள்ளையார் எங்க கதிரையில இருக்கிறார்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். ஆகவே கதிரைகள் விறாந்தையிலேயே கிடந்தன. ஆடி நடந்துகொண்டிருந்தது. கொழும்புப் பெரியப்பா வருவதற்கு நாள் குறித்தாயிற்று. அம்மா சித்தியின் தகரப் பெட்டியை வெயிலில் திறந்து வைத்தார்.

இதற்கிடையில் தெருவில் இன்னொரு கதையும் எழும்பியது. கோயில் சாமானைக் கிண்ணியா நானா எப்படி விற்கலாம்? தெரிந்துகொண்டே விற்றாரா? அந்தக் கதை கடை கடையாகப் போய், துறையைக் கடந்து, அவர் காதிலும் விழுந்தது. ஒரு பகல் அவர் வந்தார். அப்பா கந்தோரில் இருந்தார், அம்மா சந்தைக்குப் போயிருந்தார். கூகைக்கட்டு ஆறியும் ஆறாமலும் வீட்டில் நின்ற நானும் சித்தியும்தான். அவர் முன்வாசலால் வராமல் கிணற்றடிக்கு வந்து, தோளில் கிடந்த சாக்கை இறக்கிவைத்தார். முகம் வாடியிருந்தது.

"தங்கச்சி, என்னக் கோயில் கள்ளன் எண்டு சொல்றாங்க. நான் ஆருக்கு என்ன செஞ்சன்?"

"நான் சொல்லேல்லை நானா."

"அது தெரியும். நீங்க இதப் பாருங்க. நான் அந்தத் தளத்தில எடுத்த சாமான் எல்லாத்திலயும் இந்த அடையாளம் இரிக்கி. மம்பட்டில இரிக்கி, கோடாலில இரிக்கி, துடுப்பில இரிக்கி. வெள்ளக்காரன்ட அரசாங்கச் சாமான் எண்டு காட்டுறதுக்கு அவன் வைக்கிற அம்பு அது. அதக் கவுத்துப் பாத்தா சூலம் மாதிரி."

"அதுகளைக் கொண்டுவந்து அத்தானுக்குக் காட்டியிருக்கலாமே?"

"காட்டினா அவர் என்ன சொல்லுவார்? மம்பட்டியும் கோயில்ட, துடுப்பும் கோயில்ட எண்டு சொல்லுவார். படிச்ச மனிசன். அதான் யோசிச்சு இதக் கொண்டந்தன்."

சாக்கை அவிழ்த்தார். உள்ளே ஒரு வெள்ளை எனாமல் சட்டி. கைபிடியோடு. ஆஸ்பத்திரியில் எழும்ப ஏலாத நோயாளிக்கு மூத்திரம் பெய்யக் கொடுக்கிற சட்டி. அதைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் அதே மூன்று கோடுகள்.

"இதக் கோயில்ட எண்டு ஒரு மனிசனும் சொல்ல மாட்டான்" என்றார் நானா.

சித்தி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். சித்தி சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தவர், திடீரென்று நிறுத்தினார்.

"நானா, இதை அத்தானுக்குக் காட்டக் கூடாது."

"ஏன்?"

"அவர் தெருச்சனத்துக்கு முன்னால சொன்ன மனிசன். எட்டுக்கும் பூ வைச்சவர். இதை அவருக்கு முன்னால வைச்சா, அவர் எப்பிடி நாளைக்குத் தெருவில இறங்குறது?"

"அப்ப நான் எப்பிடித் தெருவில இறங்குறது?"

சித்தி வாளியில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். "உங்களை ஒருத்தரும் கள்ளன் எண்டு சொல்லாமல் நான் பாக்கிறன். ரெண்டு நாள் தாங்கோ. இந்தச் சட்டியையும் தந்திட்டுப் போங்கோ."

நானா போனதும் சட்டியைச் சாக்கில் சுற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு சித்தி கோயிலுக்கு நடந்தார். ஐயர் பின்வீதியில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சித்தி நடந்ததைச் சொல்லிச் சாக்கை விரித்தார். ஐயர் இரண்டடி பின்னால் போனார்.

"நோயாளி பாவிச்சதோ, பாவியாததோ?"

"தெரியாது ஐயா."

"அப்ப அங்கேயே வைச்சுக் காட்டு." எட்டி நின்று பார்த்தார். வயிறு குலுங்கியது, சத்தம் வரவில்லை. "சரி. கிளாக்கரிட்டச் சொல்லிவிட வேண்டியதுதானே?"

"அது ஏலாது ஐயா." சித்தி சாக்கை மூடினார். "கோயில் திருத்தேக்க என்ன செய்வீங்கள்? சாமியைக் கும்பத் தண்ணியில இறக்கி வெளியில வைப்பீங்கள். அதுக்குப் பிறகுதானே ஆசாரிமார் உளியோட உள்ள போகினம். அப்பிடி இந்தக் கதிரைகளுக்கும் ஒரு கும்பம் வைக்க ஏலாதோ?"

"இல்லாத சாமியை எப்பிடிப் பிள்ளை நான் இறக்குறது?"

"அடையாளம் வெள்ளைக்காரன்ர எண்டா இருக்கட்டும். ஆனா தெரு முழுக்கக் கும்பிட்டது ஐயா. இந்தப் பிள்ளைக்கு வருத்தம் மாற வேணுமெண்டு அக்கா அழுது கும்பிட்டவ. நானும் கும்பிட்டனான். அது அவ்வளவும் அந்தக் கதிரையிலதானே கிடக்கு? அதை எங்கயாவது கொண்டுபோய் விட வேண்டாமோ?"

ஐயர் வாளியைக் கீழே வைத்தார்.

"சனிக்கிழமை காலமை வாறன்" என்றார். "அந்தச் சட்டியை மட்டும் எங்கேயாவது தூரமாக் கொண்டுபோ."

ஐயர் அப்பாவிடம் பேசியபோது பெரிய வாக்குவாதம் வரும் என்று வீட்டில் எல்லாரும் பயந்தோம். வரவில்லை. அப்பா ஒரு கேள்வியும் கேட்காமல், "ஓம், அதுதான் முறை" என்றார். உளி படக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்ற மனிதர் இவ்வளவு சுருக்காக எப்படி இறங்கினார் என்று அம்மா ஆச்சரியப்பட்டார். முதல் நாள் கந்தோரால் வந்ததிலிருந்து அவர் ஒருமாதிரி இருக்கிறார் என்றும் சொன்னார். எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை.

சனிக்கிழமை விறாந்தையில் கும்பம் வைத்தார்கள். மாவிலை, தேங்காய், எட்டுக் கதிரையின் கால்களையும் தொட்டுக் கும்பத்துக்குப் போன ஒற்றை நூல். ஐயர் மந்திரம் சொல்லி நூலைச் சுருட்டிக் கும்பத்தில் சேர்த்தார். நான் கண் வெட்டாமல் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஊர்ந்து போனதுபோலத்தான் இருந்தது. பிறகு அப்பா கும்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். சனமெல்லாம் பின்னால் போனது. தண்ணீரைக் கடலில் ஊற்றிவிட்டுத் திரும்பியவர், சனத்துக்குப் பின்னால் தயங்கி நின்ற கிண்ணியா நானாவைக் கண்டு, எல்லாருக்கும் கேட்கக் கூப்பிட்டார்.

"நானா, இஞ்சால வாங்கோ. நீங்கள் எடுத்து வைச்சிராட்டி இதெல்லாம் வெள்ளைக்காரனோட கப்பல் ஏறியிருக்கும். உங்களுக்குத்தான் நாங்கள் நன்றி சொல்ல வேணும்."

நானாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க நடந்து வந்தார். அதற்குப் பிறகு அந்தக் கதை எழும்பவில்லை. சித்தி தான் சொல்ல நினைத்திருந்த எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று பின்னேரமே கதிரைகள் நிமிர்ந்தன. சித்தி மூட்டுகளைக் கழற்றி, குறி பார்த்து, ஒவ்வொரு காலையும் அதனதன் கதிரைக்குத் திருப்பிக் கொடுத்தார். மூட்டுகளை ஒட்ட வச்சிரம் காய்ச்சிய நாற்றம் வீடெல்லாம் அடித்தது. பிரம்பை ஊறவைத்து, முதலில் முன்னும் பின்னுமாக, பிறகு குறுக்காக, திரும்ப முன்னும் பின்னுமாக, பிறகு நெய்து, கடைசியில் மூலைக்கு மூலை இரண்டு தடவை. இழையை இறுக்கும்போது அது வீணைக் கம்பிபோல் ஒலித்தது. சித்தியின் சுட்டுவிரல் வெடித்து, எண்ணெய்ச் சீலை சுற்றியிருந்தார். சொரசொரப்பான பராய் இலையால் மரத்தைத் தேய்த்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினார். அடிப்பக்கத்துக்கும் பூசினார். சூலத்தின் பள்ளத்தில் இருந்த சந்தனத்தைச் சுரண்டவில்லை.

"ஏன் சித்தி?"

"கிடக்கட்டும். அத்தான்ர கையால வைச்சது."

கலியாண வீட்டுக்குச் சித்தி போகவில்லை. அவரைப் போன்றவர்கள் அந்தக் காலத்தில் போவதில்லை. அவர் பின்னிய எட்டு இருக்கைகள் போயின. ஆவணி பிறந்து கொழும்புப் பெரியப்பா வந்தபோது, தகரப் பெட்டி விறாந்தையில் இருந்தது. அப்பா அதைத் தானே தூக்கிப் பின்னறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து சொன்னார்: "அவ வர மாட்டா அண்ணை. அவவுக்கு இஞ்ச வேலை கிடக்கு." நீதிமன்றக் கதிரைகளில் முதல் வண்டி ஏற்கெனவே முற்றத்தில் நின்றது.

கூகைக்கட்டு, கடைசிவரை, பள்ளிக்கூடத்தின் கணக்கில் எழுதப்படவேயில்லை. அது சூலத்தின் கணக்கில்தான் போனது.

நெடுங்காலம் நான் நினைத்திருந்தேன், அந்த வீட்டில் உண்மை தெரிந்தவர்கள் சித்தியும் நானும் மட்டும் என்று. அப்பா ஒரு பழைய நம்பிக்கையோடு நிம்மதியாக இருக்கிறார் என்றும், சித்தி அவருக்காக அதைக் காத்து வருகிறார் என்றும் நினைத்தேன். படிக்கப் போன இடத்தில் நூலகத்தில் அந்த அடையாளத்தைத் தேடிப் பிடித்து, நானா சொன்னது சரியென்று உறுதியாக்கிக்கொண்டேன். அகன்ற அம்பு. பிரித்தானிய அரசாங்கத்தின் பொருள் என்பதற்கான முத்திரை. அதை வீட்டில் நான் ஒருநாளும் வாய் திறந்து சொல்லவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற நாள் நான் வீட்டில் நின்றேன். மாலை போட்டு அனுப்பிய கந்தோர்க்காரரிடம், தான் இத்தனை வருடம் இருந்த பழைய கதிரையைக் கேட்டு வாங்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பிரம்பு தொய்ந்து தொட்டில் மாதிரிக் கிடந்தது. சித்தியின் தலை அப்போது நரைக்கத் தொடங்கியிருந்தது. அப்பா அவர் முன்னால் கதிரையை வைத்தார்.

"இதை ஒருக்காப் பின்னித் தாவன்."

சித்தி வழக்கம்போல் முதலில் கவிழ்த்தார். பின்சட்டத்தில் மூன்று கோடுகள். சூலம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

சித்தி தலை நிமிரவில்லை. அப்பா போகவுமில்லை. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இதை எப்ப கண்டனீங்கள் அத்தான்?" என்று கடைசியாகக் கேட்டார் சித்தி.

"ஐயர் வந்து கதைச்சதுக்கு முதல் நாள். பேனை உருண்டு கதிரைக்குக் கீழ போச்சுது, எடுக்கக் குனிஞ்சனான்." அப்பா மீசையைத் தடவினார். "பிறகு ஒவ்வொண்டாக் கவிழ்த்துப் பாத்தன். மேசையிலயும் கிடந்தது. அலுமாரியிலயும் கிடந்தது. குப்பை வாளியிலயும் கிடந்தது."

"ஏன் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? தெருவைக் கூட்டிவைச்சுப் பூ வைச்ச மனிசன். என்ன செய்யிறதெண்டு தெரியாமல் வீட்டை வந்தன். அடுத்த நாள் ஐயர் வந்து, நீ கும்பம் கேட்டனீ எண்டார். அப்பதான் மூச்சு வந்தது. உன்னைக் கொழும்புக்கு அனுப்ப நினைச்சனே எண்டும் அப்பதான் வந்தது."

முற்றத்தில் கச்சான் காற்று அடித்தது. சித்தி அந்தக் கோடுகளை விரலால் தடவினார். கிணற்றடியில் கண்டதற்குப் பிறகு, அன்றுதான் இரண்டாம் தடவையாக அவர் அப்படிச் சிரிப்பை அடக்குவதைக் கண்டேன்.

அப்பா குனிந்து மெதுவாகக் கேட்டார்: "இதுக்கும் ஒரு கும்பம் வைக்க வேணுமோ?"

"வேண்டாம் அத்தான்" என்றார் சித்தி. "அண்டைக்கே எல்லாத்துக்கும் சேத்துத்தான் கடலில ஊத்தினனீங்கள்."

சொல்லிவிட்டுப் பிரம்புக் கட்டை அவிழ்த்து, வாளித் தண்ணீருக்குள் போட்டார்.